ஆறாம் நாற்காலியில் யாரும் அழவில்லை

அத்தியாயம் 4

பல் ஆஸ்பத்திரிக்குப் பல்வலியோடு போவதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் விசாரணை அதிகாரியின் உதவியாளன் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறவன், வாசலிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் எவன் மதிப்பான்? பாட்டிலுக்கு அந்தக் கவலை.

பாட்டில் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. நகர சுகாதார அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் குழாய்த் தண்ணீரையும் சாக்கடைத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் பிடித்து, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனுடைய மேலதிகாரிக்கும் அதே கதிதான். ஒரு பெரிய மனிதரின் பங்களாவில் பூந்தொட்டித் தட்டுகளில் கொசு வளர்வதைக் கண்டுபிடித்து, வாசல் கதவிலேயே எச்சரிக்கை நோட்டீஸை ஒட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் கொசு மேடம். நோய் எங்கே பிறந்தது என்று தேடிப் பிடிப்பது அவர் உத்தியோகம். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, யாரையும் நம்பாத மூக்குக் கண்ணாடி.

பிடிக்க வந்த கேஸ் இது. நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் ஐந்து குழந்தைகள். ஐந்துமே இந்தப் பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் பால் பல்லுக்கு நரம்பு சிகிச்சை செய்துகொண்டவை. வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. பிறகு தாடை வீங்கியது. வழக்கமான மருந்து எதற்கும் அது மசியவில்லை. சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தபோது, காசநோய்க் கிருமியின் தூரத்துப் பங்காளி ஒன்று அதில் உட்கார்ந்திருந்தது. தண்ணீரிலும் மண்ணிலும் சாதுவாகக் காலம் தள்ளுகிற கிருமிதான். பல்லின் நரம்புக்குழி வழியாகத் தாடைக்குள் இறங்கிவிட்டால் மட்டும் அதன் சாதுத்தனம் போய்விடும்.

நேற்று அந்த ஐவரில் ஒருத்தியைப் பாட்டில் பார்த்தான். ஆறு வயதுப் பெண். தாடை எலும்பைச் சுரண்டியபோது, பின்னால் முளைக்க வேண்டிய இரண்டு நிரந்தரப் பற்களின் முளையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்ததாம். “எனக்கு இங்க பல்லு மொளைக்குமா மாமா?” என்று கன்னத்துக் கட்டின்மேல் விரலை வைத்துக் கேட்டாள். எதற்கும் ஒரு நக்கலைத் தயாராக வைத்திருக்கிற பாட்டிலுக்கு வாயே வரவில்லை. அதிலிருந்து அவன் மனசு சரியில்லை.

ஐந்து பேருக்கும் சிகிச்சை செய்தது ஒரே இறுதியாண்டு மாணவி. மாலை மூன்று மணிக்குக் கமிட்டி. கையைச் சரியாகக் கழுவாமல் குழந்தைகளின் தாடையைக் கெடுத்தவள் என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பக் கல்லூரி தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

குழந்தைகள் பிரிவின் காத்திருப்பு அறையில் ஏ.சி. பற்களைக் கிட்டவைக்கிற குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் பெரிய மீன்தொட்டி. தண்ணீர் இருந்தது, கூழாங்கல் இருந்தது, பிளாஸ்டிக் கப்பல்கூட இருந்தது. மீன்தான் இல்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மீனெல்லாம் பல்ல காட்டிட்டு வீட்டுக்குப் போயிடுச்சாண்ணே?” என்றான் பாட்டில்.

அவர் சிரிக்கவில்லை. அஞ்சு மாசத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் எல்லாம் செத்துப்போனதாகச் சொன்னார். அவர் இங்கே சேர் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தின் நாற்காலி, விளக்கு, குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. மீன்தொட்டி அவராக இழுத்துப்போட்டுக்கொண்ட வேலை. பாட்டிலின் அட்டையைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “அந்த டாக்டரம்மாவ என்ன சார் பண்ணுவாங்க?” என்று கேட்டார். எல்லாம் மேடம் கையில் இருக்கிறது என்று பாட்டில் சொல்லிவைத்தான். கொசு மேடம் அந்தப் பேச்சைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த பாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்வரின் அறையில் எல்லாம் பளபளத்தது, முதல்வரின் தலை உட்பட. அவர் வழக்கை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஐந்து குழந்தைகள், ஒரு கை. மாடித் தொட்டித் தண்ணீரை மாதாமாதம் சோதிக்கிறார்கள், ரிப்போர்ட் சுத்தம். மாணவி சுவரோரமாக நின்றாள். தோளில் ஒரு துணிப்பை. அறுந்துபோன கைப்பிடியை மஞ்சள் வயரால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் கையைக் கழுவினேன், புதுக் கையுறை போட்டேன், கிருமி நீக்கிய கருவிப் பொட்டலத்தை அம்மாக்கள் எதிரில்தான் பிரித்தேன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு மணி நேரம் போட்டு அலசினார்கள். அழுதாளே ஒழியச் சொன்னதை மாற்றவில்லை.

கொசு மேடம் கேட்டது ஒரே விஷயம்.

“அஞ்சு பேரோட கேஸ் ஷீட் எனக்கு வேண்டாம் சார். நல்லா இருக்கிற குழந்தைங்களோடது வேணும்.”

நல்லா இருக்கிறவர்களை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள் என்று முதல்வர் கேட்டார். பாட்டில் இந்தக் கேள்வியைப் பதினோரு வருடமாகக் கேட்டுவருகிறவன். அழுகிய மாம்பழத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கூடையில் எந்தப் பக்கம் நசுங்கியது என்று தெரியாது, மேடம் எப்போதும் சொல்வது இது. இன்று சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கேஸ் ஷீட் கட்டுகள் வந்தன. மேடம் அதற்குள் மூழ்கினார். பாட்டிலுக்குப் பல் விண்ணென்று தெறித்தது. காலையில் வீட்டில் வாய் கொப்பளித்தபோது பச்சைத் தண்ணீர் பட்டு உச்சிமண்டை வரை இழுத்த வலி. நைஸாக நழுவிச் சிகிச்சைக் கூடத்துக்குப் போனான். எட்டு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஆறாவது காலி. அது அந்த மாணவியின் நாற்காலி. இன்றைக்கு அதை இன்னொரு மாணவனிடம் கொடுத்திருந்தார்கள். பதினொரு மணிக்குத்தான் அவனுக்கு முதல் குழந்தை.

அவன் பீமன் மாதிரி இருந்தான். எல்லாரும் அவனைக் குண்டு டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். தன் கையில் சிக்கும் குழந்தைகள் ஊரைக் கூட்டிவிடும் என்று அவனே ஒத்துக்கொண்டான். வாயைத் திறக்கச் சொல்லி, பல்லின் குழியில் தண்ணீரைப் பீய்ச்சி, விளக்கைக் காட்டி, பெரிய ஓட்டைதான் என்றான். பாட்டில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தான். வலி வரவில்லை.

“கை பஞ்சு டாக்டர் உங்களுக்கு. குழந்தைங்க சும்மா நடிக்குதுங்க.”

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கொசு மேடம் இரண்டு காகிதங்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. தலை நிமிராமல் விளக்கினார். மாணவிக்கு ஆறாம் நாற்காலி. ஆறாம் நாற்காலிக்கு மாணவி. இரண்டும் புருஷன் பெண்டாட்டி போல ஒட்டிக்கொண்டிருந்தால், கெட்டது யாரால் என்று எப்படிச் சொல்வது? ஒருநாளாவது பிரிந்திருக்க வேண்டும். பிரிந்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் ஆறாம் நாற்காலியில் வேலை செய்தது குண்டு டாக்டர். நரம்பு சிகிச்சை இரண்டு குழந்தைகளுக்கு.

“ரெண்டு வீட்டுக்கும் போன் போடு.”

முதல் வீட்டில் குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தான், நன்றாக இருக்கிறான். இரண்டாவது வீட்டில் அம்மா எடுத்தாள். பாப்பாவுக்குப் பத்து நாளாகக் கன்னத்துக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு வீக்கம், புட்டாளம்மை என்று நினைத்து விட்டுவிட்டோம், வலி இல்லை என்கிறாள், ஏன் சார் கேட்கிறீர்கள்? பாட்டில் இன்றைக்கே கூட்டி வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். ஆறாவது குழந்தை. இந்தக் குழந்தையை அந்த மாணவியின் கை தொட்டதே இல்லை.

மணி பத்து ஐம்பது. கொசு மேடம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

கூடத்தில் ஆறாம் நாற்காலியில் நான்கு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். குண்டு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். மேடம் குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டு, இந்த நாற்காலியில் இனி யாரும் உட்காரக் கூடாது என்றார். முதல்வர் ஓடி வந்தார். எட்டு நாற்காலிக்கும் ஒரே தொட்டித் தண்ணீர், ஆறுக்கு மட்டும் என்ன கேடு, காரணம் சொல்லாமல் மூடினால் நான் மேலே எழுதுவேன் என்று குதித்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரே தொட்டி, ஒரே குழாய், ஒரே மாதிரி நாற்காலி.

இறக்கிவிடப்பட்ட குழந்தையின் அம்மாவுக்கும் கோபம். மூணாம் சேர் வேண்டாம், ஆறாம் சேர்தான் வேணும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். ஏன் என்று மேடம் கேட்டார்.

“ஆறுல உக்கார வெச்சா குழந்தை அழாதுன்னு எங்க பக்கத்து வீட்ல சொன்னாங்க மேடம். அவங்க பையன் ஊசிக்கே ஊரக் கூட்டுறவன். இங்க ஒரு சொட்டு கண்ணீர் விடலயாம்.”

மேடம் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேஸ் ஷீட் கட்டுக்குத் திரும்பினார். இந்தக் கல்லூரியில் ஒவ்வொரு கேஸ் ஷீட்டின் அடியிலும் ‘குழந்தையின் ஒத்துழைப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. கத்தி உதைத்தால் ஒன்று, அழுதால் இரண்டு, முனகினால் மூன்று, சமத்தாக இருந்தால் நான்கு. அந்த எண் மாணவர்களின் மதிப்பெண்ணில் சேரும். யார் யோசனையோ தெரியாது. குழந்தை அழுதால் டாக்டருக்கு மார்க் குறையும் என்று கண்டுபிடித்தவரைக் கும்பிட வேண்டும், தூரத்திலிருந்து.

மேடம் விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார். மற்ற நாற்காலிகளில் ஒன்று, மூன்று, இரண்டு, இரண்டு, நான்கு என்று கலந்து கிடந்தது. ஆறாம் நாற்காலியிலும் ஆரம்பத்தில் அப்படித்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமையிலிருந்து நான்கு, நான்கு, நான்கு. மாணவியிடம் நான்கு. ஊரைக் கூட்ட வைக்கும் குண்டு டாக்டரிடமும், அந்த இரண்டு நாள், நான்கு.

“எல்லாரும் நோயைத் தேடுறாங்க பாட்டில். இங்க அழுகையக் காணோம். அது எங்க போச்சு?”

பாட்டிலுக்குத் தாகம். பதிலை யோசித்துக்கொண்டே சுவரோரக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வாயில் ஊற்றினான். அடுத்த நொடி டம்ளர் கீழே கிடந்தது, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“சண்டாளப் பல்லு! இப்பதான் மேடம், ஆறாம் சேர்ல அந்தக் குண்டு டாக்டர் தண்ணி பீய்ச்சினாரு. அப்ப மாமியார் வீட்ல இருக்கிற மாதிரி சமத்தா இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கொசு மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம்; இன்று அதில் கொஞ்சம் பயமும் இருந்தது. விசாரிக்க வந்த இடத்துத் தண்ணீரை வாயில் விட்டுக்கொள்வாயா, உனக்கு அறிவு எங்கே போயிற்று என்று முதலில் திட்டினார். வெறும் குழியில் பட்டுத் துப்பியதால் ஆபத்து குறைவு, ஆனால் ஆறு மாதத்துக்குத் தாடையை வாராவாரம் காட்ட வேண்டும் என்றார். அதற்கப்புறம்தான் ஆறாம் நாற்காலிக்கு நடந்தார்.

தண்ணீர்த் துப்பாக்கியின் முனையில் வெப்பமானியைப் பிடித்தார்கள். மற்ற ஏழு நாற்காலியிலும் ஏ.சி. குளிரில் தண்ணீர் சில்லென்று இருந்தது. ஆறில் வெதுவெதுவென்று, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம்.

நாற்காலியின் அடித்தகட்டைப் பாட்டில் கழற்றினான். உள்ளே, குழாய் போகிற வழியில், உள்ளங்கை உயரத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் ஒரு கண்ணாடிக் குச்சி, அதிலிருந்து மின்சார ஒயர். வேலை சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. டப்பாவை இரும்புச் சட்டத்தோடு மஞ்சள் வயரால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. பாட்டில் கையுறை விரலை டப்பாவின் உள்சுவரில் ஓட்டினான். வழுவழுவென்று ஒரு படலம் விரலோடு வந்தது.

“கொதிச்சா செத்துடும், குளிர்ந்தா தூங்கும்,” என்றார் மேடம் அந்த விரலைப் பார்த்து. “இந்தச் சூட்ல குடும்பம் நடத்தும். தொட்டித் தண்ணி சுத்தம்தான் சார். தொட்டிக்கும் குழந்தை வாய்க்கும் நடுவுல இருக்கிறத யாராவது சோதிச்சீங்களா?”

ஒவ்வொரு நாற்காலியின் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று சுகாதார அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கை முதல்வரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. பாட்டில் காலையில் அதன்மேல்தான் காப்பி டம்ளரை வைத்தான்.

ஆனால் பாட்டிலின் கண் அந்த மஞ்சள் வயரில் இருந்தது. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்வது அவன் பிறவிக்குணம். இதே கட்டு, இதே சுற்று, அந்த மாணவியின் துணிப்பைக் கைப்பிடியில் இருக்கிறது என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டான். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

மாணவியைக் கூட்டி வந்தார்கள். டப்பாவைப் பார்த்தாள். மஞ்சள் வயரைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனதைப் பாட்டில் பார்த்தான். அந்த நிமிடமே பெருமை போய்விட்டது.

“நான்தான் வெச்சேன்,” என்றாள்.

முதல்வர் நீளமாக மூச்சு விட்டார். கையோ டப்பாவோ, ஆள் மாறவில்லை. மூன்று மணிக் கமிட்டிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பாட்டில் தரையைப் பார்த்தான். ஆறு வயதுப் பெண்ணின் கட்டு நினைவுக்கு வந்தது. அதைச் செய்தது இவள்தான் என்றால் இவள்மேல் கோபம் வர வேண்டும். வரமாட்டேன் என்றது.

கொசு மேடம் அவசரப்படவில்லை. எங்கே வாங்கினாய் என்று கேட்டார். கடையில். எந்தக் கடை? ஞாபகமில்லை. எதற்கு? குழந்தைகள் அழாமல் இருப்பதற்கு. தகட்டைக் கழற்ற எந்தச் சாவி? அவள் விழித்தாள்.

“கை கழுவலன்னு காலைல ஒரு மணி நேரம் மிரட்டினாங்க. அழுதியே தவிர ஒத்துக்கல. இத ஒரே நிமிஷத்துல ஒத்துக்கிறே. உண்மைய ஒரு மணி நேரம் விடாம பிடிச்சிருந்த ஆளு, பொய்ய மட்டும் இவ்ளோ வேகமாச் சொல்றியே?”

மேடம் எல்லாரையும் காத்திருப்பு அறைக்கு நடத்திக்கொண்டு போனார். மீன்தொட்டியின் பின்பக்கக் கண்ணாடி முழுக்கப் பாசி. நடுவில் மட்டும், விரல் நீள இடைவெளியில், காசு அளவில் இரண்டு வட்டங்கள். அங்கே பாசி லேசாகத்தான் படிந்திருந்தது. ரப்பர் ஒட்டிகளால் எதையோ வெகுகாலம் ஒட்டி வைத்திருந்து பிடுங்கிய அடையாளம். இந்தக் குளிர் அறையில் மீன் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் தொட்டிக்குள் ஒரு சூடாக்கும் குச்சி இருந்தாக வேண்டும். அது ஐந்து மாதத்துக்கு முன்னால் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டது. அதே வாரம் மீன்கள் செத்தன. தொட்டி மூடியின் உடைந்த கைப்பிடியை மேடம் தொட்டுக் காட்டினார். மஞ்சள் வயர், நெருக்கமான சுற்று.

தொட்டிக்குப் பக்கத்தில் கருவிப்பெட்டியோடு சேர் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

“டாக்டரம்மா மேல தப்பில்லீங்க,” என்றார். “அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் வெச்சது.”

“பேசாதீங்கப்பா,” என்றாள் மாணவி.

அந்த ஒரு சொல்லுக்கு அறையே திரும்பிப் பார்த்தது. ஐந்து வருடமாக ஒரே கட்டடத்தில் அவர் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்; அவள் வரும்போது எழுந்து நின்றார். அவள் அவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்பானர் பிடிக்கிறவன் மகள் என்று தெரிந்தால் மற்ற பிள்ளைகள் இளப்பமாகப் பார்ப்பார்கள், நம் உறவு வாசலோடு நிற்கட்டும் என்று சேர்க்கை நாளன்று அவர் போட்ட சட்டம். அவள் தகப்பன் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தாள். பேருந்தில்கூட இரண்டு இருக்கை தள்ளி உட்காருவார்களாம்.

மெக்கானிக் அதற்குப் பிறகும் மகள் என்று சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் வருகிற குழந்தைகள் எல்லாம் அழுததாகவும், ஒத்துழைப்பில் இரண்டு இரண்டாகப் போட்டதாகவும், அவங்க வீட்டுக்கு வந்து தட்டில் கை வைக்காமல் எழுந்ததாகவும் சொன்னார். குழந்தைகள் ஊசிக்கு அழவில்லை, சில்லென்று தண்ணீர் பட்ட உடனேதான் அழ ஆரம்பிக்கின்றன என்பதை இருபத்திரண்டு வருடம் நாற்காலிக்கடியில் படுத்துக் கிடந்து கேட்டவருக்குத் தெரியாதா? டாக்டர்கள் எவருக்கும் தெரியவில்லை. அவர்கள் வாயைப் பார்த்தார்கள். இவர் அழுகையைக் கேட்டார்.

“சுத்தமான தண்ணிதாங்க அது. நான் அதுல ஒண்ணும் கலக்கல. சூடு மட்டும்தான் ஏத்தினேன்.”

அவர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார், பிறகு பாட்டிலின் முகத்தை.

“எத்தனை குழந்தைங்க?”

“ஆறு,” என்றான் பாட்டில். மெக்கானிக் மீன்தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

மாணவியின் பெயருக்கு எதிரே எழுதி வைத்ததை அடித்துவிடுங்கள், கமிட்டியில் என் அறிக்கையைப் படியுங்கள் என்று கொசு மேடம் முதல்வரிடம் சொன்னார். அந்த அறிக்கையில் மெக்கானிக்கின் டப்பா இருக்கும். சோதிக்காத எட்டு நாற்காலிகளும், கண்ணாடிக்கடியில் தூங்கிய சுற்றறிக்கையும், அழுகைக்கு மார்க் போட்ட கட்டமும்கூட இருக்கும், அதே எழுத்து அளவில். முதல்வர் மெக்கானிக்கை மட்டும் எழுதினால் போதாதா என்று கேட்டார்.

மேடம் அதைக் காதில் வாங்காமல் மாணவியிடம் திரும்பி, நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் போகவில்லை. ஐந்து மாதத்தில் ஆறாம் நாற்காலியில் அவள் நரம்பு சிகிச்சை செய்தது பத்தொன்பது பேருக்கு. ஐந்து பேர் வார்டில். மீதி பதினான்கு பேரின் தாடைக்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. சீக்கிரம் பிடித்தால் எலும்பு தப்பும்.

“நானே போன் பண்றேன் மேடம். அவங்க அம்மாங்களுக்கு என் குரல் தெரியும்.”

பாட்டில் பட்டியலைக் கொடுத்தான். அவள் தரையில், அப்பாவுக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

முதல் எண். விரல் தவறிப் பட்டதில் போனின் ஒலிபெருக்கி திறந்துகொண்டது. எடுத்த அம்மா குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டாள். ஆறாம் சேர் டாக்டரா, நீங்களே கூப்பிடுறீங்களா என்று சந்தோஷப்பட்டாள். விஷயத்தைச் சொல்ல இவள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டாள்.

“உங்கள நெனைக்காத நாளில்ல டாக்டர். எம் பொண்ணு அன்னிக்கு ஒரு சொட்டு அழலயே. அப்படி ஒரு கைய உங்களுக்குக் குடுத்தவங்கள நான் கும்பிடணும்.”

மெக்கானிக் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். மாணவி கண்ணைத் துடைக்காமல், குரலை மட்டும் சரிசெய்துகொண்டு, பாப்பாவின் கன்னத்தை இப்போதே தடவிப் பார்க்கச் சொன்னாள். போனை அப்படியே வைத்துவிட்டு அந்த அம்மா குழந்தையைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள்.